பழனிமலையில் நம் மக்களின் உழைப்பும் பதிவேடும்

நம் சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலைவர்களின் வாழ்க்கையையும் மாநாட்டுத் தீர்மானங்களையும் கொண்டே எழுதிவிடுகின்றனர். அவை வேண்டுவனவே. ஆயினும் ஒரு மனிதன் காலையில் எழுந்து எந்த வேலைக்குச் சென்றான், அவ்வேலையை அவனுக்குக் கொடுத்தவர் யார், மாலையில் என்ன கூலி பெற்றான், மறுநாளும் அவ்வேலை அவனுக்கு இருந்ததா என்னும் கேள்விகளுக்கு அவ்வரலாறுகளில் விடை கிடைப்பதில்லை. பழனிமலையைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் மிகுதி. கொடைக்கானலைப் பற்றி நூல்கள் பல உள. ஏரியை அமைத்தவர் யார், சாலைக்குப் பெயர் தந்தவர் யார், பூங்காவை வகுத்தவர் யார் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. மண் சுமந்தவர் யார் என்பது மட்டும் இல்லை.

பள்ளி இறுதித் தேர்வு முடிந்தவுடன் நம் வீடுகளில் எழும் கேள்வி, எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்பதே. இக்கேள்விக்கு நேரே விடை சொல்ல நாம் இங்கு முற்படவில்லை. கடந்த இருநூறு ஆண்டுகளில் இம்மலையில் தொழில்கள் எத்தனை முறை மாறின, ஒவ்வொரு மாற்றத்திலும் நம்மவர் எங்கு நிறுத்தப்பட்டனர் என்பதைக் கூற விரும்புகிறோம். சுமை தூக்குதல் போயிற்று. பங்களா வேலை வந்தது. காப்பித் தோட்டம் வந்தது. மரம் வெட்டும் கூப்பு வந்தது. தொழிற்சாலை வந்து மூடப்பட்டது. இன்று விடுதிகள் வந்துள்ளன. தொழில் மாறிய அளவுக்குத் தொழிலாளியின் நிலை மாறவில்லை. மாறிய சில இடங்களைக் கூர்ந்து நோக்கினால், அங்கெல்லாம் ஏதோ ஒரு பதிவேட்டில் நம்மவர் பெயர் ஏறியிருந்தமை புலனாகும். பெயர் ஏறாத இடங்களில் தலைமுறை இரண்டு கழிந்த பின்னும் கணக்கு முதலிலிருந்தே தொடங்கியது.

வெள்ளையருக்கு முன்

மலையில் அடிமைத்தனம் வெள்ளையரோடு வந்தது என்று கருதுவோர் உளர். அஃது உண்மையன்று. லெப்டினன்ட் வார்டு 1821 இல் இம்மலையை அளந்து குறிப்பெழுதியபோதே இங்கு ஊர்களும் வயல்களும் படிக்கட்டு நிலங்களும் இருந்தன. நெல்சன் 1868 இல் எழுதிய மதுரை நாட்டு வரலாறும், பிரான்சிஸ் 1906 இல் தொகுத்த மதுரை மாவட்ட விவரச் சுவடியும் மலை வேளாண்மையைப் பேசும்போது, நிலம் குன்னுவர் கையில் இருந்ததையும், புலையர் அவர்களுக்குப் பண்ணையடிமைகள் போல உழைத்ததையும் குறிக்கின்றன. வரப்பு கட்டியவர், காட்டைத் திருத்தியவர், கால்நடை மேய்த்தவர், சாவுக்குப் பறை அடித்தவர் ஆகிய எல்லோரும் அவர்களே. நிலப் பதிவில் அவர்களுக்கு இடம் இல்லை.

1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்தது. சட்டம் வந்தது, எனினும் மலைக்குப் போகும் வண்டிப்பாதைகூட அப்போது இல்லை. அடிமை என்ற சொல் நீங்கினாலும் கடன் நீங்கவில்லை. இன்றும் பழனிமலைப் புலையர் பட்டியல் சாதியினராகவே வைக்கப்பட்டுள்ளனர். பழங்குடிப் பட்டியலில் தம்மைச் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். ஒரே காட்டில், ஒரே சரிவில் வாழும் பளியருக்கு ஒரு பட்டியலும் இவர்களுக்கு வேறு பட்டியலுமாக இருப்பதன் விளைவு, வன உரிமையிலும் படிப்பிலும் வேலையிலும் நாள்தோறும் தெரிகிறது. எந்த ஏட்டில் பெயர் இருக்கிறது என்பது அவர்களுக்கு வாழ்வு பற்றிய கேள்வி.

நாற்காலி சுமந்தோர்

1845 இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் சமவெளியின் நோய்க்கு அஞ்சிக் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். கலெக்டர் லெவிஞ்சு 1863 இல் ஓடையை மறித்து ஏரி கண்டார். 1875 இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூர் வரை வந்தது. அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் வழியாகக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பை அடைந்து, பின்னர் ஏறத்தாழப் பன்னிரண்டு மைல் செங்குத்துப் பாதையில் மலையேற வேண்டும். வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் நடந்து ஏறவில்லை. கழிகளில் கட்டிய நாற்காலிகளிலும் டோலிகளிலும் அவர்களைத் தோளில் சுமந்து ஏற்றினர். பியானோவும் இரும்புக் கட்டிலும் கண்ணாடிச் சன்னலும் அவ்வாறே தலையிலும் தோளிலும் ஏறின.

ஆங்கிலக் குறிப்புகளில் அப்பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர். கூலிகளின் பெயரால் ஒரு மலைப்பாதை வழங்கியிருக்கிறது. ஆனால் அதில் நடந்த ஒரு கூலியின் பெயரும் எஞ்சவில்லை. மலையடிவாரச் சேரிகளிலிருந்தும் பிற ஏழைக் குடிகளிலிருந்தும் வந்த அவர்களை அழைத்து வந்தவர் மேஸ்திரி. கூலியைப் பெற்றுப் பங்கிட்டவரும் அவரே. முதலாளிக்குத் தெரிந்தது மேஸ்திரியின் பெயர் ஒன்றே.

மேஜர் லா வகுத்த மலைச்சாலை 1870-களில் தொடங்கி, இடையில் நின்று, 1914 ஆம் ஆண்டளவில்தான் கொடைக்கானலை எட்டியது. மோட்டார் வண்டி ஏறியது. அன்றோடு இரண்டு தலைமுறை சுமந்த தோள்களுக்கு வேலை போயிற்று. புதிய போக்குவரத்தில் டிரைவராகவும் மெக்கானிக்காகவும் ஏறியவர் வேறு. சாலையோரம் கல் உடைக்கவும் மண்சரிவை அள்ளவும் நம்மவர் அழைக்கப்பட்டனர். தொழில் மாறும்போது பழைய தொழிலாளியைப் புதிய தொழிலுக்குப் பயிற்றுவிக்க ஒருவரும் இல்லையெனில் நேர்வது இதுவே. இந்த நிகழ்ச்சி இம்மலையில் பின்னரும் பலமுறை நிகழ்ந்தது.

பங்களாவும் நற்சான்றுச் சீட்டும்

பங்களா வேலையைப் பற்றி நம்மில் இருவகைக் கருத்து உண்டு. அது அடிமைத் தொழில் என்று வெறுப்போர் ஒருபுறம்; நம்மவர் எழுத்தறிந்தது அங்குதான் என்று பெருமை கொள்வோர் மறுபுறம். இரண்டிலும் உண்மை உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

மாட்டிறைச்சி சமைக்கவும் எச்சில் பாத்திரம் கழுவவும் பிற சாதியார் மறுத்தனர். ஆகவே சமையற்காரர், பட்லர், ஆயா, தோட்டக்காரர், துப்புரவாளர் எனும் வேலைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருமளவில் புகுந்தனர். வெள்ளையர் மலைக்கு வருவது கோடையில் மட்டுமே. ஆதலால் ஏப்ரல் முதல் சூன் வரை வேலை. எஞ்சிய மாதங்களில் அரை வயிறு. அடுத்த ஆண்டு வேலை கிடைக்கவேண்டுமாயின் போகும் துரையிடம் ஒரு சீட்டு எழுதி வாங்க வேண்டும். இன்னார் நாணயமானவர், நன்றாகச் சமைப்பார் என்று இரண்டு வரி. அச்சீட்டுகளைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் காத்து வந்த வழக்கம் அந்நாளைய வேலைக்காரர் குடும்பங்கள் பலவற்றிலும் இருந்தது. படிக்கத் தெரியாத கைகளில் அவரைப் பற்றி வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதிய காகிதம்! அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே சிலருக்குத் தெரியாது.

அண்டையிலுள்ள நீலகிரியின் வரலாற்றை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் என்னும் துரையிடம் பட்லராக இருந்தவர். தம் குடும்பத்தில் போற்றி வந்த திருக்குறள் ஏட்டுச் சுவடி எல்லிஸ் துரையின் கைக்குச் செல்லக் காரணமாக இருந்தவர். பண்டிதர் வளர்ந்ததும் முதலில் பொதுப்பணியில் இறங்கியதும் நீலகிரியிலேதான். இரட்டைமலை சீனிவாசனும் உதகையில் ஐரோப்பிய நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றிய பின்னரே 1890 இல் சென்னை சென்று, 1893 இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இவ்விருவரையும் மலைநகரத்து வேலை உருவாக்கிற்று என்று சொல்வது அவசரம் ஆகும். கந்தப்பன் பட்லர் ஆவதற்கு முன்பே அக்குடும்பத்தில் ஏடு இருந்தது. சீனிவாசன் கோவையில் படித்த பின்னரே கணக்கர் ஆனார். மலைநகரம் அவர்களுக்குத் தந்தது ஊர்ச் சாதிக் கட்டிலிருந்து சிறிது தூரமும், மாதச் சம்பளமும், ஓய்வு நேரமுமே. அவற்றோடு எழுத்து முன்பே சேர்ந்திருந்ததால் இதழ் பிறந்தது. எழுத்து இல்லாத இடத்தில் மகனும் பட்லரே ஆனான்.

துடைப்பமும் ஒரு பதிவேடே

பெயர் பதிவாவது ஒன்றே போதும் என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டா. 1899 இல் கொடைக்கானல் நகராட்சி ஆயிற்று. தமிழகத்தின் நகராட்சிகள் எல்லாவற்றிலும் நடந்தது போலவே துப்புரவுப் பணிக்கு அருந்ததியரும் பிற ஒடுக்கப்பட்டோரும் எடுக்கப்பட்டனர். அவர்கள் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது. சம்பளமும் விடுப்பும் பிற்காலத்தில் ஓய்வூதியமும் வந்தன. மலைத் தொழிலாளருள் முதன்முதலில் இப்பாதுகாப்பைப் பெற்றோருள் அவர்களும் அடங்குவர். ஆனால் அப்பதிவேட்டின் அந்த ஒரு பக்கத்தில் ஒரே சாதியின் பெயர்கள் மட்டுமே எழுதப்பட்டன. பணியில் இருந்தவர் இறந்தால் கருணை அடிப்படையில் மகனுக்கு வேலை கிடைக்கும் என்ற விதி, எழுத்தர் வீட்டில் எழுத்தரை உண்டாக்கிற்று. துப்புரவாளர் வீட்டில் பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையின் கையிலும் துடைப்பத்தையே கொடுத்தது.

மனித மலம் அள்ளுவதை 1993 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013 இல் மேலும் விரிவான சட்டம் வந்தது. இதற்கிடையே நகராட்சிகள் பலவும் துப்புரவை ஒப்பந்தக்காரர்களிடம் விடத் தொடங்கின. நிரந்தரப் பதிவேட்டிலிருந்த வேலை ஒப்பந்தக்காரரின் நோட்டுப் புத்தகத்துக்கு இறங்கியது. சாதி மட்டும் அப்படியே நின்றது. 2009 இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது; 2024 ஆகஸ்டு 1 அன்று உச்சநீதிமன்றம் பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்வது செல்லும் என்று தீர்ப்பளித்தது. துடைப்பத்துக்கு வெளியே உள்ள பதிவேடுகளில் அவர்கள் பெயர் ஏற இவ்வொதுக்கீடு உதவும் என்பதால் நாம் அதை முழுமனத்தோடு வரவேற்கிறோம். நம் சமுதாயத்துக்குள்ளேயே இதற்கு முணுமுணுப்போர் இருப்பதை அறிவோம். அவர்கள் காலை ஐந்து மணிக்குக் கடைவீதிக்குச் சென்று, குப்பை வண்டியைத் தள்ளுவோர் யார் என்று ஒருமுறை பார்த்து வருவாராக.

காப்பித் தோட்டம்

கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, பாச்சலூர், ஆடலூர் ஆகிய ஊர்களைச் சுற்றிக் காப்பியும் மலைவாழையும் ஆரஞ்சும் மிளகும் கலந்து பயிராகின்றன. ஆனைமலையிலும் நீலகிரியிலும் போல ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட பெருங்கம்பெனித் தோட்டங்கள் இங்கு ஓங்கவில்லை. பெரும்பாலானவை சிறு தோட்டங்கள். இந்தச் சிறுமையே தொழிலாளியின் வாழ்வைத் தீர்மானித்தது.

1951 இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, குடிநீர், மருத்துவம், பிள்ளைக் காப்பகம், பள்ளி, விடுப்பு ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளர் தர வேண்டும் என்று அது கூறிற்று. ஆயின் இருபத்தைந்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள, முப்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்கே அது பொருந்தும் என்று வரம்பும் இட்டது. 1981 இல் அவ்வரம்பு ஐந்து எக்டேராகவும் பதினைந்து பேராகவும் குறைக்கப்பட்டது. அப்போதும் பழனிமலையின் சிறு தோட்டங்களில் மிகப் பல வெளியிலேயே நின்றன. வால்பாறையில் ஒரு பெண் கொழுந்து பறித்தால் அவளுக்குப் பேறுகால விடுப்பு உண்டு. தாண்டிக்குடியில் அவள் தங்கை காப்பிப் பழம் பறித்தால் இல்லை. உழைப்பு ஒன்றே, ஏக்கர் வேறு. இங்குப் பதினைந்து பேர் உழைத்தால் பதினான்கு பேர் என்று கணக்கு எழுதுவது பெரிய வித்தையன்று.

காப்பிப் பழம் பறிப்பு நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை. அந்த நான்கு மாதங்களுக்குச் சமவெளியிலிருந்தும் ஆள் ஏறும். முன்பணம் கொடுத்துக் கங்காணி அழைத்து வருவார். முன்பணத்தைக் கழித்து முடிக்கும்போது பருவமும் முடிந்துவிடும். இத்தகைய வாழ்வுக்கும் நாம் கேள்விப்பட்டேயிராத தேசங்களின் பேச்சுவார்த்தைக்கும் தொடர்பு உண்டு என்றால் இளைஞர்கள் வியப்பர். உலகக் காப்பி நாடுகள் தமக்குள் ஏற்றுமதி அளவை வகுத்துக்கொண்டிருந்த உடன்பாடு 1989 சூலையில் முறிந்தது. விலை வீழ்ந்தது. பின்னர் 1990-களில் இந்தியாவில் காப்பி வாரியமே எல்லாக் காப்பியையும் வாங்கி விற்கும் முறையும் கைவிடப்பட்டது. விலை ஏறியபோது தோட்டக்காரர் இலாபம் கண்டார். பத்தாண்டின் இறுதியில் விலை மீண்டும் சரிந்தபோது களையெடுப்பை நிறுத்தினார். களையெடுப்பு நின்றால் நிற்பது யாருடைய அடுப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. ஏறும் விலையில் பங்கின்றி இறங்கும் விலையை மட்டும் சுமக்கும் வேலைகளுள் இது முதன்மையானது.

கடல் கடந்து வந்தவர்கள்

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாத்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974 இல் முடிவு செய்தனர். தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த அம்மக்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, குடும்ப அட்டையும் சிறு உதவித் தொகையும் பெற்று அவர்கள் சிதறினர். அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றோர் நீலகிரியில் தங்கினர். உறுதியளித்த கடனும் வீடும் வந்து சேராதோர், மலை என்றால் வேலை இருக்கும் என்ற பழக்கத்தால் கொடைக்கானலுக்கும் ஏறினர்.

அவர்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு. தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலை செய்தால் 'ஒரு பேர்'. பாதி வேலை என்று துரை கருதினால் 'அரைப்பேர்'. செக்ரோல் என்னும் பதிவேட்டில் அன்றன்று பேர் விழும். மாதத்தில் எத்தனை பேர் என்பதே சம்பளம். மனிதனின் பெயரும் அவன் நாள்கூலியும் ஒரே சொல்லால் வழங்கிய அந்த வாழ்வு கொடியதுதான். எனினும் அரைப்பேராவது ஏட்டில் இருந்தது.

கொடைக்கானலில் அதுவும் இல்லை. மேற்பழனி மலையின் புல்வெளிகளில் வனத்துறை சீகை எனப்படும் வாட்டில் மரத்தையும் தைல மரத்தையும் பைனையும் பெருமளவில் நட்டிருந்தது. தோல் பதனிடப் பட்டையும், செயற்கைப் பட்டு நூலுக்கும் காகிதத்துக்கும் கூழ் மரமும் தேவைப்பட்டன. வெட்டும் பணி ஒப்பந்தக்காரர்களிடம் சென்றது. தாயகம் திரும்பிய குடும்பங்கள் முன்பணம் பெற்று, குளிரும் மழையும் மிகுந்த காட்டுக் கூப்புகளில் குடிசை போட்டு, மரம் வெட்டிப் பட்டை உரித்தன. அரிசியும் ஒப்பந்தக்காரர் கடையில். கணக்கும் அவர் நோட்டில். கடன் தீர்ந்தது என்று சொல்ல வேண்டியவரும் அவரே. 1976 ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாட்டில் நடைமுறையில் இருந்தபோதே இக்கொத்தடிமை நடந்தது. 1980-களில் சமூக ஆர்வலர் சிலர் அக்கூப்புகளுக்குள் நடந்து சென்று செய்தியை வெளிப்படுத்திய பின் குடும்பங்கள் மீட்கப்பட்டன. மீட்கப்பட்டோர் கையில் விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது. 

இன்று அம்மரங்கள் அயல் மரங்கள் எனப்படுகின்றன. புல்வெளியை மீட்க அவற்றை அகற்ற வேண்டும் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நட்டதும் கூலிக்கு, வெட்டியதும் கூலிக்கு, இனி வேரோடு பிடுங்குவதும் கூலிக்கு.

வெப்பமானித் தொழிற்சாலை

1983 இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பாண்ட்ஸ் நிறுவனத்தால் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. 1987 இல் அது இந்துஸ்தான் லீவர் கையில் வந்தது. மலையில் அதுவரை இல்லாத வகை வேலை அது. மழைக்கு நனையாத கூரை, மாதச் சம்பளம், அடையாள அட்டை. பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களும் இளம்பெண்களும் விரும்பிச் சேர்ந்தனர். தோட்டக் கூலியின் மகன் தொழிற்சாலைத் தொழிலாளி ஆவது எந்த நாட்டு வரலாற்றிலும் ஏற்றமாகவே கொள்ளப்படும்.

வெப்பமானிக்குள் இருப்பது பாதரசம். அறையின் சாதாரண வெப்பத்திலேயே அது ஆவியாகும், கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். 2001 மார்ச்சில் முஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கிடங்கு ஒன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் வெளிப்படுத்தினர். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003 இல் பாதரசக் கழிவு ஏறத்தாழ 290 டன் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தங்கள் நோய்க்கும் தோழர்களின் சாவுக்கும் பாதரசமே காரணம் என்று முன்னாள் தொழிலாளர் கூறினர், நிறுவனம் மறுத்தது. 2006 இல் அவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர். பத்தாண்டு கழித்து 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர் தொடர்பாக உடன்பாடு ஏற்பட்டது.

இவ்வழக்கை நம் இளைஞர் ஊன்றிப் படிக்க வேண்டும் என்போம். தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் பாதரச நச்சு, அறிவிக்கப்பட வேண்டிய நோயாக 1948 முதலே இருந்தது. போபால் கொடுமைக்குப் பின் 1987 இல் சேர்க்கப்பட்ட 41 சி பிரிவு, ஆபத்தான தொழிலில் உள்ளவரின் உடல்நலப் பதிவேட்டைப் பேண வேண்டும், அதைத் தொழிலாளியும் பார்க்கலாம் என்று கூறியது. சம்பளப் பதிவேட்டில் பெயர் ஏறியதில் நம்மவர் மகிழ்ந்தோம். உடல்நலப் பதிவேடு என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டுப் பெறலாம் என்பதைச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. ஒரு வேலையின் சம்பளத்தை விசாரிக்கும் நாம், அவ்வேலை செய்தவர் இருபது ஆண்டுக்குப் பின் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பதில்லை.

சர்க்கார் வேலை

1919 க்குப் பின் சென்னை மாகாணத்தில் லேபர் கமிஷனர் பதவி ஏற்பட்டு, ஒடுக்கப்பட்டோருக்கென லேபர் பள்ளிகள் தோன்றின; ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடிகள் அவையே. 1942 முதல் 1946 வரை வைசிராயின் அவையில் தொழிலாளர் துறையை அண்ணல் அம்பேத்கர் வகித்தார். 1943 இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு இடம் கிடைத்தது. 1945 இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பிறந்தன. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காகத் தொடங்கிய அவ்வலுவலகம், சிபாரிசு செய்ய ஆளில்லாத நம் பிள்ளைகளுக்குப் பதிவு எண் என்னும் ஒரு சிபாரிசைத் தந்தது. தமிழகத்தில் 1971 இல் ஒதுக்கீடு 18 விழுக்காடு ஆயிற்று. ஆசிரியர், நடத்துநர், மின்வாரியப் பணியாளர், செவிலியர் என மலையின் சேரிகளிலிருந்தும் ஒரு சிறு வகுப்பு எழுந்தது இதனால்தான். 1984 இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தோன்றியது. இம்மலரில் எழுதும் பலரும் படிக்கும் பலரும் அவ்வகுப்பைச் சேர்ந்தோரே. அந்த ஏணியின் படிகள் இன்று குறைந்துவிட்டன. நிரந்தரப் பணியிடங்கள் ஒப்பந்தத்துக்கும் தொகுப்பூதியத்துக்கும் மாறுகின்றன. பதிவு எண்ணை மட்டும் நம்பிக் காத்திருப்பது இனி ஆகாது. போட்டித் தேர்வே வழி.

இன்றைய மலை

இன்று மலையின் பெருந்தொழில் சுற்றுலா. விடுதி, உணவகம், வாடகை வண்டி, தங்கும் வீடு. அதில் நம்மவர் அறை துடைப்போராகவும், துணி வெளுப்போராகவும், வாடகைக்கு எடுத்த வண்டியை ஓட்டுவோராகவும் உள்ளனர். பருவம் மீண்டும் ஏப்ரல் முதல் சூன் வரை! 2020 இல் ஊரடங்கின்போது விடுதிகள் பூட்டப்பட்ட நாளில், தாம் அங்கு வேலை செய்தோம் என்பதைக் காட்ட ஒரு காகிதமும் இல்லாமல் நின்றோர் பலர். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. வண்டியின் எண், வருவோர் தொகை, தங்கும் நாள் ஆகிய அனைத்தும் பதிவாயின. அவ்வண்டியில் வந்தவருக்குப் படுக்கை விரித்த பையனின் பெயர் மட்டும் எங்கும் பதிவாகவில்லை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தோட்டத் தொழிலாளர் சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் அவற்றுள் அடங்கிவிட்டன. அத்தொகுப்புகளில் நமக்குக் கவலை தருவன உண்டு. தொழிற்சங்கங்கள் அவற்றைப் பேசி வருகின்றன. எனினும் பணியாளருக்கு நியமனக் கடிதம் எழுத்தில் தரவேண்டும் என்ற விதி நம் கைக்கு எட்டிய ஒன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களையே அத்தொகுப்பு நிறுவனமாகக் கொள்வதால், கொடைக்கானலின் சிறு விடுதிகள் பல பழைய சிறு காப்பித் தோட்டங்களைப் போலவே வரம்புக்கு வெளியே நிற்கக்கூடும். ஒன்பது பேர் என்று கணக்கு எழுதுவது எளிது. ஆகவே வேலைக்குச் சேரும் இளைஞர், எத்தனை ரூபாய் என்று கேட்கும் அதே மூச்சில் எத்தனை பேர் வேலை செய்கிறோம், கடிதம் உண்டா, சேமநிதி எண் உண்டா என்றும் கேட்டுப் பழக வேண்டும். முதலாளி முகம் சுளிக்கலாம். தனியாகக் கேட்பதைவிட நால்வராகச் சேர்ந்து கேட்டால் சுளிப்புக் குறையும்.

இறுதியாக உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளின் பெட்டிகளில் பழைய காகிதங்கள் இருக்கும். துரை எழுதிய நற்சான்றுச் சீட்டு, இலங்கைத் தோட்டத்துச் சம்பளச் சீட்டு, மண்டபம் முகாம் அட்டை, கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ், தொழிற்சாலை அடையாள அட்டை, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை ஆகியவற்றைக் குப்பையில் இடாமல், படியெடுத்து நம் சங்க நூலகத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்க. வெள்ளத்துக்கும் கரையானுக்கும் எட்டாத இடத்தில் வைத்தல் நலம்.